சுவரில் ஏறுவதும் தளத்தில் சேருவதும்: புதிய ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் புதிய ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். எழுதுபொருள் கடைக்குப் போய்ப் பல நிறச் சார்ட், ஜிகினாத் தாள், தெர்மாகோல், அச்சடித்த அ, ஆ, இ, ஈ ஃபிளெக்ஸ் என்று சொந்தப் பணத்தில் அள்ளிவந்து, கையகல இடம்கூட மிச்சமில்லாமல் நான்கு சுவரையும் நிரப்பிவிடுகிறார்கள். பார்வையிட வரும் வட்டாரக் கல்வி அலுவலர் பாராட்டிவிட்டுப் போகலாம். பிள்ளைகள் மட்டும் இரண்டாவது வாரத்திலிருந்து அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதில்லை.

தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளியிலோ நடுநிலைப் பள்ளியிலோ புதிதாக ஒரு வகுப்பைக் கையில் எடுத்திருப்பவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சுவரைப் பற்றி முதலில், வகுப்புக்கென ஓர் இணையதளம் அமைப்பதைப் பற்றிப் பிறகு. இரண்டையும் சேர்த்துப் பேசக் காரணம் உண்டு. சுவரில் இடம் குறைவு, தளத்தில் ஏராளம். இப்போது நடக்கும் பாடம் சுவரில் இருக்க வேண்டும். நடந்து முடிந்தது தளத்துக்குப் போய்விட வேண்டும். இந்தப் போக்குவரத்து நின்றுவிட்டால் சுவரில் தூசி படியும், தளத்தில் எதுவுமே சேராது.

வாங்குவதற்கு முன் சுவரைப் பாருங்கள்

பள்ளி விட்டபின் காலி வகுப்பறையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எந்தச் சுவரில் மாலை வெயில் விழுகிறது, எதில் ஈரம் ஊறுகிறது, எங்கே கரையான் மண் தெரிகிறது என்று பாருங்கள். வெயில் படும் சுவரில் ஸ்கெட்ச் பேனா எழுத்து சில வாரங்களில் வெளுத்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரச் சுவரில் ஒட்டிய தாள் உப்பிப் பூஞ்சை பிடிக்கும். ஆடிக் காற்றடிக்கும் ஊர்களில் ஜன்னலுக்கு நேர் எதிரே தொங்கும் எதுவும் தாங்காது.

பிறகு பிள்ளைகள் உட்காரும் இடத்தில் அவர்கள் உயரத்துக்கு உட்கார்ந்து சுற்றிப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நின்றால் கண் ஏறக்குறைய நான்கடி உயரத்தில் இருக்கும். தரையில் அமரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் பாதிதான். நாம் நாற்காலி போட்டு ஏறி ஆறடிக்கு மேலே ஒட்டுவதெல்லாம் வருகிற அலுவலருக்குத்தான் தெரியும். பிள்ளைகள் படிக்க வேண்டியவற்றின் நடுப்பகுதி அவர்கள் கண்மட்டத்தில் இருக்கட்டும். மேலே இருக்கும் இடத்தைச் சும்மா விட்டுவிடலாம்.

கரும்பலகை இருக்கும் சுவரையும் சும்மா விடுங்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 24 மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்குச் சில பாடங்களைப் படங்கள் நிறைந்த அறையிலும் சில பாடங்களை வெறும் சுவர் உள்ள அறையிலும் நடத்திப் பார்த்தார்கள். அலங்கரித்த அறையில் பாடநேரத்தில் சுமார் 39 சதவீதம் கவனம் வேறெங்கோ போயிருந்தது. மற்ற அறையில் 28 சதவீதம். பாடத்தை ஒட்டிய தேர்விலும் அலங்கார அறைப் பாடங்களில் மதிப்பெண் குறைந்தது. 24 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். அதை வைத்துக்கொண்டு எதையும் ஒட்டவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாடம் கேட்கும்போது பிள்ளையின் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்குமோ அந்தப் பக்கத்தில் வேடிக்கை வேண்டாம். பக்கச் சுவர்களும் பின்சுவரும் நமக்குப் போதும்.

கொடி கட்டுங்கள்

சுண்ணாம்பு அடித்த சுவரில் எந்த டேப்பும் நிற்காது. சுண்ணாம்பை உரித்துக்கொண்டு தாளோடு விழும். மைதாப் பசை நன்றாக ஒட்டும், ஆனால் பூச்சியும் கரப்பானும் தேடி வரும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. அது நஞ்சு. பிள்ளைகள் கைவைக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

எல்லாவற்றையும்விட எளியது துணி காயப்போடுவதுபோல் கொடி கட்டுவது. சுவரின் இரு முனையிலும் ஆணி அடித்து, அல்லது தலைமையாசிரியர் ஆணிக்குச் சம்மதிக்காவிட்டால் ஒரு ஜன்னல் கம்பியிலிருந்து மறு ஜன்னல் கம்பிக்கு, நைலான் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். சணல் கயிறு அழகாக இருக்கும், ஈரத்தில் இற்றுப்போகும். துணிக்குப் போடும் கிளிப்பால் தாள்களை மாட்டுங்கள். மாட்ட ஒரு நொடி, கழற்ற ஒரு நொடி. பிள்ளைகளே செய்துகொள்வார்கள். ஒட்டுவது கடினமாக இருந்தால் மாற்றவும் மனம் வராது. மாற்றாத சுவரை யாரும் பார்ப்பதில்லை.

தேர்தல் நேரத்தில் இன்னொரு வசதியும் தெரியும். உங்கள் வகுப்பறை வாக்குச்சாவடியாக மாறினால், முதல்நாளே எல்லாவற்றையும் இறக்கி வைக்கச் சொல்லுவார்கள். ஒட்டியவர்கள் கிழிப்பார்கள். கொடி கட்டியவர்கள் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

பொருள்களுக்குப் பெரும்பாலும் காசு வேண்டாம். ஜனவரி முதல் வாரத்தில் பிள்ளைகளிடம் பழைய தினசரி காலண்டர் அட்டைகளைக் கேளுங்கள். நல்ல கெட்டி அட்டை, மாட்டுவதற்குத் துளையும் உண்டு, பின்பக்கம் வெறுமையாக இருக்கும். கல்யாணப் பத்திரிகைகள் சொல் அட்டைகளுக்கு ஏற்றவை. விழா முடிந்து கிடக்கும் ஃபிளெக்ஸைக் கழுவித் திருப்பிப் போட்டால், அதன் வெறும் பக்கத்தில் மார்க்கரால் பெரிய வரைபடம் வரையலாம், மழைக்கும் தாங்கும். தெர்மாகோலை மட்டும் தொடாதீர்கள். உதிர்ந்து மூலைமூலையாகப் பறக்கும், பெருக்கவும் வராது.

எழுத்தைப் பற்றி இரண்டு சொல். அறையின் பின்வரிசையிலிருந்து படிக்க வேண்டியதென்றால் எழுத்தின் உயரம் இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும். வெள்ளையில் கறுப்பு அல்லது அடர்நீலம். மஞ்சள், ஆரஞ்சு மார்க்கர்களைக் கோடு போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். தடித்த மார்க்கரால் சின்னதாக எழுதினால் ண, ஞ, ஐ எல்லாம் அடைபட்டுப் போகும். புள்ளியைத் தனியாக, தெளிவாக வையுங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 'ம' வேறு, 'ம்' வேறு என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, சுவரில் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கிடந்தால் என்ன பயன்? கணினியில் தட்டி அச்செடுப்பதாக இருந்தால் முக்த மலர், மீரா இனிமை, கேட்டமரான் (Catamaran) போன்ற எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன.

எதை மாட்டுவது?

ஒரு பொருளை மாட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி போதும்: இதைப் பிள்ளை என்ன செய்யும்? பார்க்கும் என்பது விடையானால் அது அலங்காரம். தேடும், அளக்கும், சேர்க்கும், திருத்தும் என்பது விடையானால் மாட்டுங்கள். ஐந்தாம் வகுப்பில் 247 எழுத்துகளின் பட்டியல் எதற்கு? அதே இடத்தில் 'எங்கள் வகுப்பு தடுமாறும் சொற்கள்' என்று ஒரு கொடி இருந்தால், கட்டுரை நோட்டில் திருத்தும்போது கிடைக்கும் 'அரை-அறை', 'வலி-வழி', 'பனி-பணி' போன்ற இணைகளைப் பிள்ளைகளே அட்டையில் எழுதி மாட்டுவார்கள். கற்றுத் தெளிந்ததும் அவர்களே இறக்குவார்கள். இறக்குவது அவர்களுக்கு மாட்டுவதைவிடப் பெரிய சந்தோஷம்.

நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்யும் ஒன்று மழைக் கம்பம்: பெய்த மழையை அளந்து, அதே உயரத்துக்குச் சுவரில் தாள் ஒட்டி வளர்ப்பது. அக்டோபரில் தொடங்குங்கள்.

நேரான பக்கங்கள் உள்ள இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலை, தோள்பட்டை வளையத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். மேல்பகுதியைக் கவிழ்த்து உள்ளே புனல்போல் செருகுங்கள். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்குமாதலால் சிறு கூழாங்கற்களைப் போட்டு, பக்கங்கள் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே சுழியக் கோடு போடுங்கள். அதற்கு மேலே மில்லிமீட்டர் அளவு குறித்த தாளை ஒட்டி, மேலே தெளிவான டேப் சுற்றுங்கள். வெட்டிய விளிம்புகளுக்கும் டேப் போட மறக்க வேண்டாம், கையைக் கிழிக்கும். புனலின் வாயும் பாட்டிலின் உடலும் ஒரே அகலம் என்பதால் உள்ளே சேரும் தண்ணீரின் உயரமே மழையின் அளவு; கணக்கு எதுவும் வேண்டாம். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, திறந்த வெளியில் நான்கு செங்கல்லுக்கு நடுவே வையுங்கள். அருகிலுள்ள மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைத்தால் நல்லது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை தினசரி மழையைக் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடுகிறது. நமக்கும் அது வசதியான நேரம்தான். பள்ளிக்குச் சீக்கிரம் வரும் இரண்டு பிள்ளைகள் அளந்து குறித்துவிட்டு, தண்ணீரைச் சுழியக் கோடுவரை மட்டும் கொட்டிவிட வேண்டும். சனி, ஞாயிறு மழை திங்களன்று மொத்தமாக அளவில் வரும்; 'மூன்று நாள் மழை' என்று குறித்தால் போதும்.

சுவர் வேலை இனிதான். அன்றைக்கு 23 மில்லிமீட்டர் மழை என்றால் 23 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு தாள் துண்டை வெட்டி, நேற்றைய துண்டின் தலைமேல் ஒட்ட வேண்டும். தரையிலிருந்து மேல்நோக்கி. மாதத்துக்கு ஒரு நிறம். இந்தக் கம்பத்தில் சுருக்கமும் இல்லை, அளவுத்திட்டமும் இல்லை. பெய்த மழை அத்தனையும் அதே உயரத்தில் நிற்கிறது. தொடங்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் 'டிசம்பர் முடிவில் இவ்வளவு உயரம் வரும்' என்று ஒரு கோடு போட்டுப் பெயரின் முதலெழுத்தை எழுதட்டும். பலர் தங்கள் தலைக்கு மேலே போடுவார்கள். மாநில அளவில் வடகிழக்குப் பருவமழையின் சராசரி சுமார் 44 சென்டிமீட்டர்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் முழங்காலுக்குச் சற்று மேலே. கடலோர மாவட்டங்களில் இடுப்பை எட்டலாம்.

'இவ்வளவு கொஞ்ச மழையில் எப்படி ஏரி நிரம்புகிறது?' என்ற கேள்வி தானாக வரும். அப்போது ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர் என்று சொல்லி, பள்ளிக் கூரையின் நீளத்தையும் அகலத்தையும் அளக்க அனுப்புங்கள். பரப்பளவு, பெருக்கல், அலகு மாற்றம் எல்லாம் அந்த ஒரு கூரையில் அடங்கிவிடும். மூன்று மாதம் ஒரே இடத்தில் இருந்தும் சலிக்காத காட்சிப் பொருள் இதைப்போல் எனக்கு வேறொன்று தெரியாது. தினமும் அது வளர்கிறது என்பதுதான் காரணம்.

கண்டிப்பாக மாட்டக்கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபின் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். அது ஆசிரியருக்கான கருவி. யார் எந்த நிலை என்று பெயர் போட்டுச் சுவரில் ஒட்டினால், அரும்பில் இருக்கும் பிள்ளை தினமும் வாசலில் நுழையும்போதே அதைப் படிக்கும். படிக்கத் தெரியாதென்று நாம் நினைக்கும் பிள்ளைகூடத் தன் பெயரை மட்டும் சரியாகப் படித்துவிடும். மதிப்பெண் பட்டியலுக்கும், நட்சத்திரம் ஒட்டும் அட்டவணைக்கும் இதே விதி.

வாட்ஸ்அப் குழு இருக்க, தளம் எதற்கு?

பெற்றோர் குழு ஏற்கெனவே இருக்கும். அதில் போட்ட வீட்டுப்பாடம் மாலைக்குள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழையது தெரியாது. கைபேசியில் இடமில்லை என்று பெற்றோர் அழித்துவிட்டால் அதுவும் போயிற்று. அறிவிப்புக்குக் குழு, சேமிப்புக்குத் தளம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தளத்தின் முகவரியைக் குழுவின் விவரப் பகுதியில் ஒருமுறை போட்டுவைத்தால் யாரும் தேட வேண்டியதில்லை.

முதலில் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். பள்ளியின் பெயரில் இணையத்தில் எதைத் தொடங்கினாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாய்மொழி போதாது, ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கணக்கு. உங்கள் சொந்த ஜிமெயிலில் தளத்தைத் தொடங்க வேண்டாம். வகுப்புக்கென்று புதிய கூகுள் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். சொந்தப் படங்களும் வங்கிச் செய்திகளும் வரும் இடத்தில் வகுப்பு வேலையைக் கலந்தால் பின்னால் பிரிக்க முடியாது. இலவசக் கணக்கில் 15 ஜிபி இடம் கிடைக்கும். படமும் ஒலியும் மட்டும் வைத்தால் பல ஆண்டுக்குத் தாங்கும். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் அன்றே இயக்கிவிடுங்கள்.

எதில் கட்டுவது? வேர்ட்பிரஸின் இலவசத் திட்டத்தில் விளம்பரங்கள் வரும். நம் பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் எந்த விளம்பரம் வரும் என்று நமக்குத் தெரியாது. பிளாகர் நாட்குறிப்பு எழுத நல்லது. வகுப்புக்கு கூகுள் சைட்ஸ் போதும். இலவசம், விளம்பரம் இல்லை, நிரல் தெரிய வேண்டாம். பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்திலோ மடிக்கணினியிலோ கட்டுங்கள், கைபேசியில் கட்டுவது கண்ணுக்கும் பொறுமைக்கும் கேடு.

1. வகுப்புக் கணக்கில் நுழைந்து, கூகுள் சைட்ஸைத் திறந்து, வெற்றுப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். தளத்தின் பெயர் எளிமையாக இருக்கட்டும்: 'ஐந்தாம் வகுப்பு' என்பதே போதும்.

2. 'பேஜஸ்' பகுதியில் மூன்றே பக்கங்களை உருவாக்குங்கள்: இந்த வாரம், எங்கள் சுவர், வீட்டில் செய்ய. பத்துப் பக்கங்களோடு தொடங்குகிறவர்கள் ஒன்பது பக்கங்களில் 'விரைவில்' என்று எழுதிவைத்திருப்பார்கள். நான்காவது பக்கம் தேவைப்படும்போது தானாகத் தெரியும்.

3. 'தீம்ஸ்' பகுதியில் வெள்ளைப் பின்னணியும் கறுப்பு எழுத்தும் உள்ளதை எடுங்கள். அங்கே அதிக நேரம் செலவிட வேண்டாம்.

4. 'இன்செர்ட்' வழியாக எழுத்துப் பெட்டியும் படமும் சேருங்கள். முதல் பக்கத்தின் மேலே இந்த வாரப் பாடம், கொண்டுவர வேண்டிய பொருள், விடுமுறை நாள். அவ்வளவுதான்.

5. மேலே உள்ள முன்னோட்டப் பொத்தானை அழுத்திக் கைபேசித் தோற்றத்தில் எப்படி இருக்கிறதென்று பாருங்கள். உங்கள் பெற்றோரில் பெரும்பாலோர் அப்படித்தான் பார்ப்பார்கள்.

6. 'பப்ளிஷ்' அழுத்தினால் முகவரி கேட்கும். ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், இணைப்புக் கோடு போதும், குட்டையாக வையுங்கள். அதே இடத்தில், தேடுபொறிகளில் இந்தத் தளத்தைக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு தேர்வுப்பெட்டி இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். முகவரி தெரிந்தவர் பார்த்தால் போதும், உலகம் நம்மைத் தேடி வர வேண்டியதில்லை.

ஒரு சிக்கல் எல்லோருக்கும் வருவது. நீங்கள் கூகுள் டிரைவில் வைத்து இணைத்த கோப்பு உங்கள் கணினியில் திறக்கும், பெற்றோரின் கைபேசியில் 'அனுமதி தேவை' என்று காட்டும். தளத்துக்கான அனுமதி வேறு, கோப்புக்கான அனுமதி வேறு. வெளியே போக வேண்டிய கோப்புகளை மட்டும் ஒரு தனிக் கோப்புறையில் வைத்து, அந்தக் கோப்புறைக்கு 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று அனுமதி கொடுங்கள். உள்ளே போடுவதெல்லாம் அந்த அனுமதியைப் பெற்றுவிடும். வெளியிட்டபின் கணக்கில் நுழையாத வேறொரு கைபேசியில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

தமிழ்த் தட்டச்சிலும் ஒரு பொறி இருக்கிறது. பள்ளிக் கணினியில் இருக்கும் பழைய வினாத்தாள்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவையாக இருக்கும். அவற்றை எடுத்துத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம்மாறி இருக்கக்கூடும். புதிதாகத் தட்டச்சு பழகுபவர்கள் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த அமைப்பு, உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்தது. பொறுமை இல்லையென்றால் கைபேசியில் குரல்வழித் தட்டச்சு இருக்கவே இருக்கிறது. அது ழகரத்தை விழுங்கினால் நீங்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

சுவரையும் தளத்தையும் இணைப்பது

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வேலை முடிந்த அட்டைகளைப் பிள்ளைகள் கொடியிலிருந்து இறக்குவார்கள். இறக்குவதற்கு முன் ஒரு படம். அந்தப் படமும், அதைப் பற்றி ஒரு பிள்ளை சொன்ன இரண்டு வாக்கியமும் 'எங்கள் சுவர்' பக்கத்தில் ஏறும். வாக்கியத்தை நீங்கள் எழுதித்தராதீர்கள். 'நானும் இன்னொருவனும் கூரையை அளந்தோம், கயிறு பத்தவில்லை, அவன் வேட்டியை அவிழ்த்துக் கட்டினோம்' என்று பிள்ளை சொன்னால் அப்படியே போடுங்கள். நாம் திருத்தி எழுதும் அறிக்கை நடையை எந்தப் பெற்றோரும் படிப்பதில்லை. மழைக் கம்பத்தையும் மாதக் கடைசியில் படமெடுத்து ஏற்றுங்கள். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளுக்கு ஒப்பிட ஒரு கம்பம் தயாராக இருக்கும்.

எதிர்த்திசைக்கு க்யூஆர் குறியீடு. 2018இல் தொடங்கிய புதிய பாடநூல்களிலேயே இது இருப்பதால் பிள்ளைகளுக்குப் பழக்கம்தான். ஒரு மாணவி வாசித்த பாடலைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து தளத்தில் வைத்து, அந்தப் பக்கத்தின் குறியீட்டை அச்செடுத்துச் சுவரில் பாடல் அட்டையோடு மாட்டுங்கள். குரோம் உலாவியின் பகிர்வுப் பகுதியிலேயே குறியீடு உருவாக்கலாம். இலவசம் என்று அழைக்கும் சில தளங்கள் தரும் குறியீடுகள் சில நாளில் செயலிழந்து, தொடரப் பணம் கேட்கும்; அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். படிக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்காவது குறியீட்டின் அகலம் இருக்க வேண்டும்: அரை மீட்டர் தள்ளி நின்று படிக்க ஐந்து சென்டிமீட்டர். பெற்றோர் கூட்டத்தன்று வாசலில் ஒரு குறியீட்டை மாட்டிவைத்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் அம்மாவும் அப்பாவும்கூடப் பிள்ளையின் குரலைக் கேட்டுவிட்டுப் போவார்கள். ஒலிப்பதிவுக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது அதற்காகத்தான்.

படங்களைப் பெரிதாக ஏற்றாதீர்கள். குறைந்த தரவில் பார்ப்பவருக்குப் பக்கம் திறக்கவே திறக்காது. எளிய தந்திரம்: படத்தை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, சுருங்கி வந்ததை எடுத்து ஏற்றுங்கள்.

பிள்ளைகளின் முகமும் பெயரும்

இதில் சலுகையே கிடையாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதுதான் சரி. கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் தயாரித்து, படம் ஏற்றலாமா, குரல் ஏற்றலாமா, படைப்பு ஏற்றலாமா என்று மூன்று தனிக் கேள்விகளாகக் கேளுங்கள். படைப்புக்குச் சரி, படத்துக்கு வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர் இருப்பார்கள். அவர்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சம்மதித்தவர்களும் பின்னால் மனம் மாறலாம். சொன்ன அன்றே எடுத்துவிடுங்கள்.

முகம் தெரியாமல் படமெடுப்பதே உத்தமம். அட்டையைப் பிடித்திருக்கும் கைகள், குனிந்து மழையை அளக்கும் முதுகுகள் போதும். முகமும் முழுப்பெயரும் ஒரே இடத்தில் வரவே கூடாது. பிறந்த தேதி, கைபேசி எண், கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் எமிஸ் அடையாள எண், மதிப்பெண், சாதிச் சான்றிதழ் தொடர்பான பட்டியல், இவற்றில் எதுவும் தளத்துக்குப் போகக் கூடாது. 'இன்று இவர்களுக்குப் பிறந்தநாள்' என்ற அன்பான பக்கம்கூட வேண்டாம். கைபேசிக் கேமராவில் இருப்பிடம் பதியும் வசதியை அணைத்துவிடுங்கள். நாளை வெள்ளிமலைக்குச் சுற்றுலா என்று முன்கூட்டியே போடாமல், போய்வந்தபின் படங்களைப் போடுங்கள்.

பாடநூல் பக்கங்களை ஸ்கேன் செய்து ஏற்றுவதும் தேவையற்ற வேலை. தமிழ்நாடு பாடநூல் கழகம் நூல்களைத் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது; இணைப்பு கொடுத்தால் போதும். இணையத்தில் கிடைக்கும் படங்களை எடுத்து ஒட்டுவதைவிடப் பிள்ளை வரைந்த மாடு நமக்கு நல்லது, அது நாய்போல் இருந்தாலும்.

மாறுதல் வந்தால்

இடமாறுதல் கலந்தாய்வில் உங்களுக்கு வேறு ஊர் கிடைக்கலாம். தளம் தொடங்கிய முதல் மாதத்திலேயே இன்னோர் ஆசிரியரைத் திருத்தும் உரிமையோடு சேர்த்துவிடுங்கள். கணக்கின் கடவுச்சொல்லை ஓர் உறையில் எழுதி ஒட்டித் தலைமையாசிரியரின் பீரோவில் வையுங்கள். மீட்பு எண்ணாக உங்கள் கைபேசி எண் இருந்தால் போகும்போது மாற்றிவிடுங்கள். இரண்டு ஆண்டுகள் யாரும் நுழையாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம் என்பதால், பொறுப்பேற்பவரிடம் பருவத்துக்கு ஒருமுறையாவது உள்ளே போய்வரச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைகளின் படங்களையும் குரல்களையும் ஏப்ரல் கடைசியில் தளத்திலிருந்து இறக்கி, கேட்ட பெற்றோருக்குக் கொடுத்துவிடுங்கள். சுவர் அட்டைகளில் நல்லவற்றைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். மீதியில் பின்பக்கம் வெறுமையாக இருப்பதை அடுக்கி, கரையான் எட்டாத மேல்தட்டில் வையுங்கள், ஜூனில் வேண்டியிருக்கும்.